நிலவைப் பார்த்து நட்டவர்கள்



வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டுக் கீரையும் வெண்டையும் வளர்க்காத குடும்பம் நம் தோட்டப்புறத்தில் குறைவு. மண்வெட்டியைக் கையில் எடுக்கும்முன் வீட்டுப் பெரியவர்கள் ஒன்று கேட்பார்கள்: "இன்று வளர்பிறையா, தேய்பிறையா?"

எங்கள் தாயாரும் அப்படித்தான். ஓர் ஆண்டு ஐப்பசியில் வெண்டை விதையை ஊன்றக் கொடுத்தோம். "தீபாவளி அமாவாசை கழியட்டும்" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அமாவாசை கழிந்தது, மழையும் வலுத்தது. ஊன்றிய விதையில் பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. அவரோ, "நாள் சரியான நாள்தான், மழைதான் தப்பு" என்றார். அன்று நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு பள்ளித் தோட்டத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "வளர்பிறையில் நட்டால் செடி நன்றாக வரும் என்பது உண்மையா?" என்று கேட்டபோது சிரிக்க முடியவில்லை. அவனுக்காகத் தேடிப் படித்ததையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் இது மிகப் பழையது. அங்கே இலையுதிர் காலத்தில் இதற்கு மதிப்பு அதிகம். இலையுதிர் காலம் என்றதும் பால் வெட்டுகிறவர்களுக்கு ஆண்டின் முதல் மாதங்கள் நினைவுக்கு வரும். ரப்பர் மரம் இலையைக் கொட்டும், பால் குறையும். ஐரோப்பாவிலோ அது செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்கள். பின்னால் கடுங்குளிர் வருகிறது. அதற்குள் அறுவடை முடிய வேண்டும், கோதுமை விதைக்க வேண்டும், பழமரக் கன்றுகளை ஊன்ற வேண்டும். நாள் தவறினால் ஓர் ஆண்டே போய்விடும்.

சுவர்க் காலண்டர் இல்லாத காலத்தில் அந்த நாளை எப்படி அறிவது? ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த ஹெசியோட் என்ற புலவர் உழவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் ஒரு மீன்கூட்டம் மேற்கே மறையும் காலம் ஏர் பூட்டும் காலம் என்கிறார். எந்த மீன்கூட்டம் தெரியுமா? நாம் கார்த்திகை என்று அழைக்கும் அதே கூட்டம்தான்! பருவத்தை மீனைக் கொண்டும், மாதத்துக்குள் நாளை நிலவைக் கொண்டும் அவர் கணக்கிட்டார். வளர்பிறையின் பதின்மூன்றாம் நாளில் விதைக்கத் தொடங்காதே, ஆனால் கன்று நட அது நல்ல நாள் என்பது அவர் கணக்கு.

நிலவு மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. பன்னிரண்டு பிறை மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குச் சுமார் 11 நாள் குறைவு. இதற்கு ஏடு புரட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வருகிறதல்லவா? பிறைக் கணக்கு மட்டும் கொண்டதால் அப்படி. தீபாவளியோ பிறையையும் பார்க்கிறது, சூரியனையும் பார்க்கிறது. அதனால் ஐப்பசியை விட்டு ஓடுவதில்லை. பழைய உழவனுக்கு நிலவு ஒரு நாட்காட்டி. அந்த நாட்காட்டிக்கே செடியை வளர்க்கும் சக்தி உண்டு என்று பின்னாளில் மக்கள் நம்பிவிட்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

ரோமானியர் இதைச் சட்டம் போலவே எழுதி வைத்தார்கள். விதைப்பது வளர்பிறையில், வெட்டுவதும் பறிப்பதும் தேய்பிறையில் என்பது பல்லாடியுஸ் என்ற ரோமானிய ஆசிரியர் வகுத்த விதி. மூங்கில் வெட்டத் தேய்பிறைக்குக் காத்திருந்த நம் பாட்டன்மாருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் டஸ்ஸர் என்ற விவசாயி பட்டாணியையும் அவரையையும் தேய்பிறையில் விதைக்கச் சொன்னார். நம் பஞ்சாங்கமோ பிறையோடு நிற்பதில்லை. நிலவு நிற்கும் நட்சத்திரத்தை வைத்து மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று பிரித்து, கிழங்குக்குக் கீழ்நோக்கு நாளைக் காட்டுகிறது. ஊருக்கு ஊர் விதி வேறாக இருந்தால் எது சரி?

இதைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் லா கின்தினி. 1626-இல் பிரான்சில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழிலுக்குப் படித்தவர். இத்தாலிக்குப் போனபோது அங்கிருந்த தோட்டங்களில் மனத்தைப் பறிகொடுத்து, சட்டத்தை விட்டு மண்ணுக்கு வந்துவிட்டார். பதினான்காம் லூயி மன்னர் தம் பழ, காய்கறித் தோட்டங்களை அவரிடம் ஒப்படைத்தார். வெர்சாய் அரண்மனைக்கு அருகே அவருக்குக் கிடைத்தது நாற்றமடிக்கும் சதுப்பு நிலம். நீரை வடித்து, மண் கொட்டி, 1678 முதல் 1683 வரை பாடுபட்டு அங்கே ஒரு தோட்டத்தை எழுப்பினார்கள். மண் சுமந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. காடழித்துத் தோட்டம் போட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு அது வியப்பன்று.

மன்னருக்குக் குளிர்காலத்திலும் பச்சைக் காய் வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் லா கின்தினி. கன்று நட, ஒட்டுக் கட்ட, கிளை கழிக்கப் பிறை பார்க்க வேண்டும் என்று மற்றத் தோட்டக்காரர்கள் சொன்னதை அவர் எடுத்த எடுப்பில் தள்ளிவிடவில்லை. முப்பது ஆண்டுகள் பிறையைக் கவனித்தார். வழக்கறிஞர் அல்லவா, சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வாரா? முடிவில், இது திறமையில்லாத தோட்டக்காரர்களின் பழம்பேச்சு என்றார். மண் நன்றாக இருந்து, விதை பழுதில்லாமல் இருந்து, பருவமும் ஒத்துவந்தால் பிறையின் முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றே என்று எழுதினார். 1688-இல் அவர் இறந்தார். நூல் 1690-இல் வெளிவந்தது. அந்தத் தோட்டம் இன்றும் வெர்சாயில் இருக்கிறது.

"கடலையே இழுக்கிற நிலா செடியை இழுக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேரித் தீவுப் பக்கம் இருப்பவர்கள் ஓதத்தை அன்றாடம் பார்க்கிறார்கள். பூமியின் ஒரு பக்கத்தை நிலவு சற்று அதிகமாகவும் மறுபக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுப்பதால் ஓதம் வருகிறது. இரண்டு பக்கத்துக்கும் இடையே 12,700 கிலோமீட்டருக்கு மேல். நான்கடி வெண்டைச் செடியின் வேருக்கும் நுனிக்கும் இடையில் அந்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். வெளிச்சமும் அப்படியே, முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. 2020-இல் ஸ்பெயினின் வலென்சியாப் பல்கலைக்கழகத்தார் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, பிறை பார்த்து நடுவதற்கு நம்பத்தக்க அறிவியல் சான்று இல்லை என்று எழுதினார்கள்.

அதற்காக நிலவு உழவனுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. நிலவு சாதாரணமாக நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். ஐரோப்பாவின் வடபகுதியில், செப்டம்பர் இறுதியை ஒட்டிய முழுநிலவுக் காலத்தில் இந்தத் தாமதம் அரைமணிக்கும் குறைவு. அதனால் தொடர்ந்து சில மாலைகள் சூரியன் மறைந்ததும் நிலவு வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் கதிர் அறுத்தார்கள். பகலெல்லாம் கணக்குக்கு உழைத்துவிட்டு, விளக்கில்லாத காலத்தில் நம் பாட்டிமார் நிலா வெளிச்சத்தில்தானே கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்!

மாணவன் கேட்டதற்கு வருவோம். பள்ளியில் இரண்டு பாத்தி போட்டு, ஒன்றில் வளர்பிறையிலும் மற்றொன்றில் தேய்பிறையிலும் நீளப் பயறு ஊன்றினோம். வளர்பிறைப் பாத்தி செழித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், எங்கள் தாயாருக்கும் செய்தி போய்விட்டது. லா கின்தினியை நினைத்துக்கொண்டு, மறுமுறை பாத்திகளை மாற்றி ஊன்றினோம். இப்போது தேய்பிறைப் பயறு செழித்தது. வளர்பிறைப் பயறு மெலிந்தது. பிறகுதான் பார்த்தோம், மெலிந்த பாத்தியின் மேல் நண்பகல் வரை தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்துகொண்டிருந்தது.

தொட்டியை நகர்த்த முடியவில்லை. அந்தப் பாத்தியில் இப்போது பண்டான் வளர்கிறது.