பூட்டை எந்த ஃபோல்டரில் வைப்பது?

'டாக்ஸானமி' என்று கம்பெனிக்காரர்கள் இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். விஷயம் எளிதுதான். ஆபீஸில் வந்து குவியும் அறிக்கை, வரைபடம், கடிதம் எல்லாவற்றையும், பிறகு தேடி வருகிறவர் கையில் கிடைக்கிற மாதிரி தலைப்புப் போட்டு வைப்பது. இதில் பாதி வேலையை நம்ம ஊர்க்காரர் ஒருவர் 1933-லேயே செய்துவிட்டார்!

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அதே வருடம் லண்டனுக்குப் படிக்கப் போனவர், அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் கோலன் பகுப்பு முறை.

நம்ம திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் திண்டுக்கல்லில் இரும்புப் பூட்டு செய்த விதம் பற்றி ஒரு அறிக்கை இருக்கிறது என்று வையுங்கள். 'இரும்பு' ஃபோல்டரில் போடுவதா, 'திண்டுக்கல்' ஃபோல்டரிலா? எதில் போட்டாலும் மற்றதில் தேடுகிறவர் ஏமாந்து போவார். ரங்கநாதன் ஐந்து கேள்வி கேட்பார். முக்கியமான விஷயம் எது? பூட்டு. எதனால் ஆனது? இரும்பு. என்ன வேலை? செய்தல். எங்கே? திண்டுக்கல். எப்போது? 1960-கள். ஐந்துக்கும் தனித்தனிக் குறி. அவற்றை வரிசையாகக் கோத்தால் அதுதான் அந்த அறிக்கையின் முகவரி. நாளைக்குப் பித்தளைப் பூட்டு வந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். ஆன்லைன் கடையில் விலை, நிறம், சைஸ் என்று டிக் செய்து தேடுகிறோமே, அதன் அடிப்படையும் இதே யோசனைதான்.

கம்பெனிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனிக்காக ஜீன் ஆட்சிசன் தொகுத்த 'தெசாரோஃபேசெட்' 1969-ல் வந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் இருந்தால் எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடும். ஒருவர் 'சாவி' என்றும் இன்னொருவர் 'திறவுகோல்' என்றும் எழுதும் ஆபீஸில் இது எவ்வளவு பெரிய உதவி!

அப்படியென்றால் நம் நூலகங்களில் பெரும்பாலும் டூயி முறை ஏன்? 1876-ல் வந்த அமெரிக்க முறை அது. கோலன் அளவுக்கு நுணுக்கம் கிடையாது. என் கணக்கில், கோலன் தோற்றது பராமரிப்பில்தான். ரங்கநாதன் ஓயாமல் மெருகேற்றிக்கொண்டே இருந்தார். 1952-ல் வந்த நான்காம் பதிப்பில் துண்டுகளை இணைக்கும் குறிகளே மாறின. பதிப்பு மாறினால் அலமாரியில் இருக்கிற புத்தகங்களுக்கெல்லாம் எண்ணை மாற்றி ஒட்ட வேண்டும். எந்த நூலகர் செய்வார்? டூயிக்கோ அவர் 1931-ல் இறந்த பிறகும் சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு இருந்தது. திருத்தங்கள் தொடர்ந்து வந்தன.

1972-ல் ரங்கநாதன் காலமானார். கோலனின் ஏழாம் பதிப்பு வந்தது 1987-ல்.