புது லெப்டொப் திரையில் ஒரு மூலை வெளிச்சம், ஒரு மூலை மங்கல் - இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது

நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பிள்ளை உயர்தரத்துக்கு ஐ.சீ.டி. எடுத்திருக்கிறது. சீட்டுக்காசையோ நகையையோ வைத்து ஒரு லெப்டொப் வாங்கியாயிற்று. இரவில் லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் திரையின் கீழ் மூலையில் டோர்ச் அடித்த மாதிரி ஒரு வெளிச்சம், இன்னொரு பக்கம் மங்கல். கடைக்குக் கொண்டு போனால், "இது நோர்மல், எல்லா லெப்டொப்பும் இப்படித்தான்" என்று ஒரே வசனத்தில் திருப்பி அனுப்பி விடுகிறார்கள்.

அந்த வசனத்தில் பாதி உண்மை, பாதி வியாபாரம். 2022இல் ரூபா விழுந்த பிறகு ஒரு லெப்டொப் என்பது ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். அப்படிப்பட்ட சாமானில் எது பாதி உண்மை, எது பாதி வியாபாரம் என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்கு 1888ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம்; தேத்தண்ணியோடு வாசியுங்கள்.

அந்த ஆண்டு பிராக் நகரில் பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்திரோல் சேர்வை ஒன்றைச் சூடாக்கிக் கொண்டிருந்தார். அது 145.5 பாகை செல்சியசில் உருகியது. ஆனால் உருகிய திரவம் கலங்கலாக இருந்தது. 178.5 பாகைக்குப் போன பிறகுதான் தெளிந்தது. ஒரு பொருளுக்கு ஓர் உருகுநிலை என்றுதான் நாமெல்லாம் படிப்பிக்கிறோம். இதற்கு இரண்டு! குழம்பிப் போனவர் ஒட்டோ லேமன் என்ற ஜேர்மன் பௌதிகவியலாளருக்கு எழுதினார். திரவம் போல ஓடும், ஆனால் பளிங்கு போல ஒளியைக் கையாளும் ஒரு நிலை அது என்று லேமன் கண்டார். திரவப் பளிங்கு என்ற பெயர் அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வந்தது.

அதன் பிறகு ஏறத்தாழ எண்பது வருடங்களுக்கு அது பெரும்பாலும் ஆய்வுகூடத்து வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம், ஜோர்ஜ் ஹைல்மையர் குழுவினர் செய்த திரவப் பளிங்குக் காட்சித்திரையை உலகுக்குக் காட்டியது. 1970 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்ப்ரிச் என்ற இருவர், பின்னர் வந்த பல திரைகளுக்கு அடிப்படையான முறுக்கு அமைப்பைப் பதிவு செய்தார்கள். அவர்கள் வேலை செய்தது ஹொப்மன் லா ரோஷ் என்ற மருந்துக் கம்பனியில் என்பது ஒரு சுவாரசியம். 1973இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் திரவப் பளிங்குத் திரையுடன் கல்கியுலேட்டரை விற்பனைக்கு விட்டது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். திரவப் பளிங்குத் திரை வெளிச்சம் தருவதில்லை. அது ஜன்னல் கதவு மாதிரி. முன்னும் பின்னும் இரண்டு முனைவாக்கித் தாள்கள், நடுவில் மெல்லிய திரவப் பளிங்கு. மின் கொடுத்தால் வெளிச்சத்தை மறிக்கும், கொடுக்காவிட்டால் விடும். அல்லது மாறி நடக்கும். வெளிச்சம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். கல்கியுலேட்டரில் அது அறையின் வெளிச்சம். அறை வெளிச்சம் எல்லா இடத்திலும் விழுவதால் சமமின்மை என்ற பேச்சே எழவில்லை.

பிரச்சினை தொடங்கியது லெப்டொப்பில். ஆரம்ப லெப்டொப்புகளும் அறை வெளிச்சத்தையே நம்பி இருந்தன. 1984இன் டேட்டா ஜெனரல் வன், 1985இன் தோஷிபா டி1100, 1986இன் ஐ.பி.எம். கன்வேர்ட்டிபிள் எல்லாம் அப்படித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும், உள்ளே வந்தால் எழுத்தைத் தேட வேண்டும். ஏழு கிலோவுக்கு மேல் பாரமான அப்பிள் மெக்கின்டோஷ் போர்ட்டபிள் 1989இல் வந்தபோதும் பின்வெளிச்சம் இல்லை. 1991இல்தான் அதற்குப் பின்வெளிச்சம் சேர்த்தார்கள்.

பின்வெளிச்சத்துக்கு முதலில் சில லெப்டொப்புகளில் பாவித்தது மின்னொளிர்வுத் தகடு. ஒரு தாள் முழுவதும் தானாகவே ஒளிரும். சமமாக ஒளிரும், அதுதான் அதன் அழகு. ஆனால் மங்கல், ஆயுளும் குறைவு. நிறத்திரை வந்தபோது அது கைவிட்டது. ஏனென்றால் நிறத்திரை பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட முன்னால் விடுவதில்லை. முனைவாக்கித் தாளும் சிவப்பு, பச்சை, நீல வடிகளும் மிச்சத்தை விழுங்கி விடும். எனவே பலமான விளக்கு தேவைப்பட்டது. வந்தது குளிர் கதோட்டுக் குழல்விளக்கு. நம் வீட்டு டியூப் லைட்டின் தம்பி. சில மில்லிமீற்றர் தடிப்பு, உள்ளே கொஞ்சம் இரசம், எரிய நூற்றுக்கணக்கான வோல்ற்று.

சமமான மங்கலை விட்டுவிட்டு, சமமில்லாத பிரகாசத்தை மனிதன் தெரிவு செய்த இடம் இதுதான். அந்தத் தெரிவின் விளைவைத்தான் இன்று நம் பிள்ளைகளின் மேசையில் பார்க்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். விளக்கு ஒரு கோடு. திரை ஒரு தளம். ஓர் ஓரத்தில் இருக்கும் கோட்டிலிருந்து தளம் முழுவதற்கும் எப்படிச் சமமாக வெளிச்சத்தைப் பரப்புவது? இதற்கான விடை லெப்டொப்புக்கு நூற்றைம்பது வருடம் முந்தியது. 1840களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் டானியல் கொலடோன், பாய்ந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து போவதைக் காட்டினார். 1854இல் லண்டனில் ஜோன் டின்டோல் அதைச் சபையினர் முன் செய்து காட்டினார். நீரை விட்டு வெளியே வர முடியாமல் ஒளி உள்ளேயே மோதி மோதிச் செல்கிறது. நம் பாடப்புத்தகத்தில் முழு அகத்தெறிப்பு என்று இருப்பது இதுதான். கலாசாலையில் இருந்த காலத்தில் துளையிட்ட தண்ணீர்ப் போத்தலையும் லேசர் விளக்கையும் வைத்து நாமும் செய்து பார்த்தோம். செலவில்லாத சோதனை, வகுப்பில் ஒருமுறை செய்து காட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

லெப்டொப் திரைக்குப் பின்னால் நீருக்குப் பதிலாகத் தெளிவான அக்கிரிலிக் தகடு இருக்கிறது. ஓரத்தில் விடும் ஒளி அதற்குள் மோதி மோதி ஓடும். அப்படியே விட்டால் எதிர் ஓரத்தால் வெளியே போய்விடும். அதனால் தகட்டின் பின்பக்கத்தில் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகள் இடுகிறார்கள். ஒளி ஒரு புள்ளியில் பட்டதும் சிதறி முன்னால் வெளியே வரும். விளக்குக்குக் கிட்டப் புள்ளிகள் ஐதாகவும், தூரத்தில் அடர்த்தியாகவும் இருக்கும். கிட்ட ஒளி அதிகம், ஆகவே குறைவாக வெளியே விடு. தூரத்தில் ஒளி குறைவு, ஆகவே கூடுதலாக வெளியே விடு. இந்தக் கணக்கு சரியாக இருந்தால் திரை முழுவதும் சமன். மேலே பரப்பித் தாள், அரியத் தாள், பின்னால் தெறிப்புத் தாள் என்று இன்னும் சில அடுக்குகள். ஒரு தாள் கொஞ்சம் நெளிந்தாலே கணக்குப் பிழைக்கும்.

அடுத்த திருப்பம் எல்.ஈ.டி. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நக்கமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்தார். 1996இல் அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளை எல்.ஈ.டி. விற்பனைக்கு வந்தது. நீல எல்.ஈ.டி.க்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 2005இல் சோனியின் ஒரு சிறிய வையோ லெப்டொப்பில் எல்.ஈ.டி. பின்வெளிச்சம் வந்தது. 2007 ஜூனில் அப்பிளின் 15 அங்குல மெக்புக் புரோவும் மாறியது. இரசத்தை விட்டொழிப்பதாக அந்தக் கம்பனி அதற்குச் சற்று முன்னர்தான் பகிரங்கமாகச் சொல்லியிருந்தது. சில வருடங்களில் குழல்விளக்கு லெப்டொப்பை விட்டே போனது. (வீட்டு அலுமாரியில் 2008க்கு முந்திய பழைய லெப்டொப் கிடந்தால் பிள்ளைகள் திரையைக் கழற்றி உடைத்து விளையாட விடாதீர்கள். அந்த மெல்லிய குழலுக்குள் இரசம் உண்டு.)

எல்.ஈ.டி. நல்லது. இரசம் இல்லை, மின் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் கோடாக இருந்த விளக்கு இப்போது புள்ளிகளாகிவிட்டது. திரையின் கீழ் ஓரத்தில் வரிசையாகப் பல எல்.ஈ.டி.கள். சில திரைகளில் கீழோரம் வெளிச்சமும் நிழலுமாகப் பல்வரிசை போலத் தெரிவது இதனால்தான். தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு எல்.ஈ.டி.கள்கூட ஒரே நிறம் அல்ல. அவற்றை அளந்து, நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் ஏற்பப் பிரித்து, தரம் தரமாக விற்பார்கள். விலை குறைந்த திரையில் இந்தப் பிரிப்பு தளர்வாக இருந்தால் ஒரு பக்கம் நீலச்சாயல், மறுபக்கம் மஞ்சள்சாயல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், மெலிவு. எல்.ஈ.டி. சிறியது என்பதால் மூடியை மெல்லியதாக்கும் போட்டி தொடங்கியது. ஒளிவழித் தகடு சில லெப்டொப்புகளில் ஒரு மில்லிமீற்றருக்கும் கீழே வந்துவிட்டது. திரையைச் சுற்றியிருந்த தடித்த சட்டமும் போய்விட்டது. இங்கேதான் 1815ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் கண்ட ஒரு விடயம் வந்து சேர்கிறது. கண்ணாடியை அழுத்தினால், அதனூடாகச் செல்லும் ஒளியின் முனைவாக்கம் மாறும் என்று அவர் காட்டினார். திரை என்பதே இரண்டு முனைவாக்கித் தாள்களுக்கு நடுவில் இருக்கும் கண்ணாடி. மெல்லிய மூடியில் ஒரு ஆணி கூட இறுகினாலோ, ஒட்டும் நாடா ஒரு பக்கம் இழுத்தாலோ, அந்த மூலையில் கண்ணாடி அழுத்தப்படும். மறிக்கப்பட வேண்டிய ஒளி அங்கே கசியும். கறுப்புத் திரையில் மூலை வெளுத்துத் தெரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். புத்தகப் பையில் பாரத்தின் அடியில் வைத்துக் கொண்டு போவதும் இதே வேலையைச் செய்யும்.

இனி அந்த "நோர்மல்" என்ற சொல்லுக்கு வருவோம்.

எரியாத புள்ளிகளை எண்ணலாம். 2001ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 13406-2 நியமம் திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து இலட்சம் படவணுக்களுக்கு எப்போதும் எரிந்தபடி இருப்பவை 2, எப்போதும் இருண்டிருப்பவை 2 வரை அனுமதி. இந்த மாதிரி எண்ணிக்கைகள் வொரண்டித் தாள்களுக்குள்ளும் வந்தன. ஆனால் மங்கலை எப்படி எண்ணுவது? தொழிற்சாலைகளில் இதற்கு முரா என்ற ஜப்பானியச் சொல்லையே உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். சமமின்மை என்று பொருள். திரையில் 5, 9 அல்லது 13 இடங்களில் பிரகாசத்தை அளந்து, கூடியதைக் குறைந்ததால் பிரிப்பார்கள். 13 இடங்களில் இந்த விகிதம் 1.5 அளவுக்குப் போக அனுமதிக்கும் லெப்டொப் திரை ஆவணங்கள் உண்டு. அதாவது மிக மங்கலான இடம், மிகப் பிரகாசமான இடத்தின் மூன்றில் இரண்டு பங்காக இருந்தாலும் அது பாஸ்.

இந்த எண் திரை செய்யும் கம்பனிக்கும் லெப்டொப் செய்யும் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம். காசு கொடுக்கும் நமக்கு அது காட்டப்படுவதில்லை. பெட்டியில் அங்குலமும் ரெசலூஷனும் பெரிய எழுத்தில் இருக்கும். சமன் எவ்வளவு என்று இருக்காது. நம் பார்வையில் "நோர்மல்" என்ற சொல்லில் உள்ள வியாபாரம் இதுதான்: இயற்கையின் விதி மாதிரிச் சொல்லப்படுகிறது, உண்மையில் அது யாரோ பேரம் பேசி எழுதிய எல்லை.

ஆனாலும் கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் கண் மீற்றர் அல்ல. நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்லக் குறைந்தால் பெரிய வித்தியாசத்தைக்கூட நாம் காணமாட்டோம். பழைய பெட்டித் திரைகளிலும் மூலைகள் மங்கல்தான். ஆனால் திடீரென்று மாறும் எல்லையைக் கண் இன்னும் கூர்மையாக்கிக் காட்டும். ஏர்ன்ஸ்ட் மாக் என்பவர் இதை 1865லேயே விளக்கினார். அதனால் அளவியில் தோற்க வேண்டிய திரை கண்ணுக்கு நல்லதாகத் தெரியலாம். அளவியில் பாஸான திரை ஒரு சிறு வெள்ளைத் திட்டால் எரிச்சல் தரலாம். போனில் படமெடுத்துக் காட்டுவதும் முழுச் சாட்சி ஆகாது. இருட்டில் கெமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் கசிவைப் பெரிதாக்கிவிடும்.

ஓலெட் திரையில் ஒவ்வொரு படவணுவும் தானே ஒளிர்வதால் மூலைக் கசிவு கிடையாது. அதிலும் முரா உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு திரையையும் கெமராவால் பார்த்துத் திருத்தம் பதிகிறார்கள். விலை காரணமாக நம் மாணவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் பின்வெளிச்சத் திரைதான்.

ஆகவே வாங்கும் நாளில் கடையிலேயே, பில் போடுவதற்கு முன்னர், மூன்று விடயம் பாருங்கள். வெளிச்சத்தைப் பாதி அளவில் வைத்து முழுத் திரைக்கும் சாம்பல் நிறத்தைப் போட்டுப் பாருங்கள். திட்டு, பல்வரிசை, நிறச்சாயல் எல்லாம் வெள்ளையைவிடச் சாம்பலில் நன்றாக விளங்கும். பிறகு முழுக் கறுப்பைப் போட்டுக் கையால் நிழல் செய்து மூலைகளைப் பாருங்கள். தலையைப் பக்கவாட்டில் அசைக்கும்போது வெளுப்பும் சேர்ந்து நகர்ந்தால் அது ஐ.பி.எஸ். வகைத் திரைகளின் இயல்பு, மாற்றித் தந்தாலும் அதேதான் வரும். தலை அசைந்தும் அதே இடத்தில் நின்றால் அது கசிவு. அதற்கு வேறொரு பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். சாதாரண அறை வெளிச்சத்தில், ஓர் ஆவணம் திறந்திருக்கும்போதே திட்டுத் தெரிந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு கண்டால், மாற்றித்தரும் நாட்கள் முடிவதற்குள் எழுத்தில் முறையிட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்கு எந்தப் பதிவும் இராது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. ஊரில் லெப்டொப் வாங்க இருப்பவர்களுக்கு இதை அனுப்பி விடுங்கள்; பிள்ளையின் திரையில் என்ன தெரிகிறது என்று சந்தேகம் இருந்தால், சாம்பல் திரையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கீழே போடுங்கள், பார்ப்போம்.