தெரபி அறைக்கு வெளியே நின்ற அம்மாக்கள்

பண்பொழியிலிருந்து ஆய்க்குடி ஒண்ணும் பெரிய தூரமில்லை. அங்குள்ள அமர் சேவா சங்கத்தைப் பலருக்கும் தெரியும். 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் சொந்த ஊரில் ஆரம்பித்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஆனா நான் எழுத வந்தது வேற. சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப்போய், குழந்தைக்குப் பயிற்சி கொடுக்கும்போதே அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது எப்படி வந்தது?

கணக்கு எளிது. வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபிஸ்ட் கையில் இருப்பது ஒன்றோ இரண்டோ. மீதியெல்லாம் வீடுதான். இந்தக் கணக்கு மருத்துவ உலகத்துக்கு உறைக்க ரொம்ப நாள் ஆச்சு.

அமெரிக்காவில் ஆட்டிசத்துக்குப் பெற்றோரின் பாசமின்மைதான் காரணம் என்றே நம்பினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிப்பதுதான் வைத்தியம்! ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-லேயே இதை மறுத்திருந்தார். 1973-ல் லோவாஸும் சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சி முடிந்து விடுதிகளுக்குப் போன குழந்தைகள் கற்றதை இழந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பியவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் கதை தலைகீழ். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்குவது வழக்கமானது. ஆள் பற்றாக்குறை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட இருந்து பார்த்தவர்கள் நோயைப் புரிந்துகொண்டார்கள், ஊருக்குப் போயும் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் அதே வேலூரில், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். இல்லாமையில் பிறந்த ஏற்பாடு நல்ல வைத்தியமாகவும் ஆயிடுச்சு.

ஆய்க்குடிக்காரர்கள் இதை இன்னொரு படி தள்ளினார்கள். குடும்பம் மையத்துக்கு வர வேண்டாம், மையம் வீட்டுக்குப் போகட்டும். கிராமப் பணியாளர் கையில் ஒரு செயலி. குழந்தையின் முன்னேற்றம் அதில் பதிவாகும். தொலைவில் இருக்கும் நிபுணர் பார்த்து ஆலோசனை சொல்வார். நானும் மென்பொருள்காரன் என்பதால் முதலில் அந்தச் செயலிமேல்தான் ஆசை வந்தது. யோசித்தால், அதில் எந்தத் திரையும் செய்யாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் குழந்தையின் இறுகின காலை நீட்டி மடக்குவது.

அதை யார் செய்வது? பெரும்பாலும் அம்மாதான். எங்க பக்கம் எத்தனையோ அம்மாக்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பயிற்சிக்கு எடுக்கும் அரைமணி அந்தக் கூலியில் குறையும். "அம்மாதான் பெஸ்ட் தெரபிஸ்ட்" என்று மேடையில் சொல்வது சுலபம். குழந்தை நடக்கவில்லை என்றால் "நீ ஒழுங்கா செய்யலை" என்று அதே வாய் சொல்லும். பெட்டல்ஹைம் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வருவது இப்படித்தான்.

போலியோ வந்த ஒரு பையனை அவனோட அப்பா தினமும் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். சாயங்காலம் அம்மா எண்ணெய் தேய்ப்பார். எங்க தெருவில் அதற்குத் தெரபி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் தங்கச்சிதான் பீடி இலை நறுக்கிக்கொண்டிருப்பாள்.