முன்கூட்டிய அனுமதியும் பரம்பரைச் சலுகையும்: அமெரிக்காவின் உயர் பல்கலைக்கழகங்கள் யாரைத் தேர்கின்றன?

பல்கலைக்கழக அனுமதி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை உயர்தரப் பரீட்சையும் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும்தான். அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு வெட்டுப்புள்ளி கிடையாது. பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை அறிக்கை, கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே அனுமதிக் குழு முடிவெடுக்கிறது. திறமையோடு தொடர்பில்லாத இரண்டு விடயங்களும் இந்த முடிவைப் பாதிக்கின்றன. மாணவர் எப்போது விண்ணப்பித்தார் என்பது ஒன்று. அவர் யாருடைய பிள்ளை என்பது மற்றையது.

முந்துபவருக்கு முதலிடம்

வழமையான விண்ணப்பங்கள் ஜனவரித் தொடக்கத்தில் முடிவடையும். மார்ச் இறுதியளவில் முடிவு வரும். முன்கூட்டிய விண்ணப்பமோ நவம்பர் 1 அல்லது 15ஆம் திகதியோடு முடிந்து, டிசம்பர் நடுப்பகுதியில் முடிவு தெரிந்துவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது கட்டுப்படுத்தும் வகை. ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கே இவ்வாறு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும், ஏனைய விண்ணப்பங்களை மீளப்பெற வேண்டும். இரண்டாவது வகையில் இந்தக் கட்டாயம் இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போர்ட் ஆகியவை இடைப்பட்ட முறையொன்றைப் பின்பற்றுகின்றன. அங்கே சேர வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும், வேறு தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்க முடியாது.

கிறிஸ்தோபர் ஏவரி உள்ளிட்ட மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலொன்று, முன்கூட்டி விண்ணப்பிப்பதால் கிடைக்கும் அனுகூலம் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் 100 புள்ளிகள் கூடுதலாகப் பெறுவதற்குச் சமமானது எனக் கணித்தது.

இதில் பின்தங்குவது பணவசதி குறைந்த மாணவரே. எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு நிதியுதவி தரும் என்று ஒப்பிட்டுப் பார்த்தே அவரால் தீர்மானிக்க முடியும். கட்டுப்படுத்தும் விண்ணப்பம் அந்த வாய்ப்பை இல்லாமல் செய்துவிடுகிறது. இந்த முறை ஏற்கனவே வசதியுள்ளவர்களுக்கே மேலும் வசதி செய்கிறது என்று கூறி 2006இல் ஹார்வர்ட் தனது முன்கூட்டிய அனுமதியைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரின்ஸ்டனும் பின்தொடர்ந்தது. போட்டிப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அசையவில்லை. 2011இல் இரண்டும் மீண்டும் அதே முறைக்குத் திரும்பின.

பெற்றோர் படித்த இடம்

பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளிப்பதே பரம்பரைச் சலுகை. இது 1920களில் வேரூன்றியது. அக்காலத்தில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பரீட்சைகளில் சிறந்து விளங்கி, இப்பல்கலைக்கழகங்களில் பெருமளவில் இடம்பிடித்தனர். 1922இல் ஹார்வர்ட் தலைவர் லோவல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க முயன்றார். வெளிப்படையான ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் 'குணநலன்', புகைப்படம், வசிப்பிடம், குடும்பப் பின்னணி போன்றவை அளவுகோல்களாயின. எந்த விதியிலும் 'யூதர்' என்ற சொல் இருக்கவில்லை. ஆனாலும் அவர்களின் தொகை குறைந்தது. 1970களின் தரப்படுத்தலைக் கண்ட நமது தலைமுறைக்கு, ஓர் அனுமதி விதி ஒரு சமூகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்றும் இந்தச் சலுகையின் எடை பெரியது. ஹார்வர்டுக்கு எதிரான வழக்கு 2018இல் விசாரிக்கப்பட்டபோது வெளியான தரவுகளின்படி, பழைய மாணவரின் பிள்ளைகளில் சுமார் 33 வீதமானோர் அனுமதி பெற்றனர். ஏனையோரில் அது சுமார் 6 வீதம் மட்டுமே. 2023 ஜூன் 29இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதியில் இனத்தைக் கருத்திற்கொள்ளும் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பரம்பரைச் சலுகை அப்படியே இருந்தது.

இரண்டு சலுகைகளும் ஒன்றுசேர்வதும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தனது இடங்களில் ஏறத்தாழ அரைவாசியைக் கட்டுப்படுத்தும் முன்கூட்டிய விண்ணப்பங்களால் நிரப்புகிறது. பழைய மாணவரின் பிள்ளைகள் அந்தச் சுற்றில் விண்ணப்பித்தாலே கூடுதல் கவனம் பெறுவர் என்று அது முன்பு வெளிப்படையாகவே கூறிவந்தது.

மாற்றம் சாத்தியமே

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் இச்சலுகையை நிறுத்தியது. 2009இல் அங்கு சேர்ந்தவர்களில் 12.5 வீதமாக இருந்த பழைய மாணவர் பிள்ளைகளின் பங்கு 2019இல் 3.5 வீதமானது. அதே காலத்தில் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களின் பங்கு ஏறத்தாழ இருமடங்கானது. பல்கலைக்கழகத்தின் மதிப்பு இதனால் குறையவில்லை. அம்ஹெர்ஸ்ட் கல்லூரி 2021இல் இதைக் கைவிட்டது. 2024இல் கலிபோர்னியா, தனியார் பல்கலைக்கழகங்களிலும் இதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதை மீறினால் அபராதம் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் பகிரங்கப்படுத்தப்படும், அவ்வளவே.

நமது மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

வடக்கு கிழக்கிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கும், போரால் இடம்பெயர்ந்து புலம்பெயர் நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் இந்தப் பரம்பரை உரிமை பெரும்பாலும் இருக்காது. ஆனால் தகவல் இருந்தால் சில தவறுகளைத் தவிர்க்கலாம்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் தெரிவுசெய்து, தேவையான நிதியுதவியை முழுமையாக வழங்குகின்றன. பல பல்கலைக்கழகங்களில் நிதியுதவி கேட்பதே வெளிநாட்டு மாணவரின் வாய்ப்பைக் குறைத்துவிடும். ஆகவே கட்டுப்படுத்தும் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் உதவிக் கொள்கையை வாசியுங்கள். கிடைக்கும் உதவி போதாதெனில் அந்த உடன்பாட்டிலிருந்து விலகக் கேட்கலாம்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் 'பொதுத் தரவுத் தொகுப்பு' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. பழைய மாணவர் உறவுக்கு எவ்வளவு முக்கியத்துவம் அளிக்கப்படுகிறது என்பது அதன் சி7 பகுதியில் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் அந்த ஒரு பக்கத்தையாவது பார்த்துவிடுங்கள்.