ரூலெற்றட் மட்கலங்களும் அவற்றை வனைந்த கைகளும்

மன்னரின் மெய்க்கீர்த்தி பொறித்த கல்லுக்கு வரலாற்றாசிரியர் அளிக்கும் மதிப்பினை உடைந்த மட்கலத்துக்கு அளிப்பது அரிது. ஆயினும், உழைக்கும் மக்களின் தொழில்நுட்ப அறிவை நேரே காட்டும் சான்று அம்மட்கலமே. இவ்வகையில் ரூலெற்றட் மட்கலம் பற்றிய ஆய்வு வரலாறு ஊன்றி நோக்கற்பாலது.

1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். இத்தாலியின் அரெசோவில் உற்பத்தியான செந்நிறக் கலங்களும், மது கொணர்ந்த ஆம்போராச் சாடிகளின் துண்டுகளும் அங்குக் கிடைத்தன. அவற்றுடன், உட்புறத்தில் சிறு புள்ளிகளும் கோடுகளும் வட்ட வரிசைகளாக அமைந்த, மெல்லிய சாம்பல், கருநிறத் தட்டுகளும் வெளிப்பட்டன. அவ்வலங்கார முறை மத்தியதரைக்கடலுக்குரியது எனக் கருதிய வீலர், அத்தட்டுகளின் தோற்றுவாயையும் அங்கேயே தேடினார். 'இந்தோ-உரோம வணிக நிலையம்' என அரிக்கமேட்டுக்கு அவர் சூட்டிய பெயரே அவரது நோக்கினைப் புலப்படுத்தும். நுண்மையான கைவினை யாவும் மேற்கிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்ற காலனித்துவக் கருத்துநிலை இம்முடிவுக்குத் துணைபுரிந்தது எனலாம்.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் ஆய்வு செய்த விமலா பெக்லி, 1983இல் இம்முடிவை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். அலங்கார உத்தி கிரேக்க உலகிலிருந்து வந்திருக்கலாம். ஆயின் கலமும் அதன் வடிவமும் இந்தியக் குயவருடையவை. அவற்றின் தொடக்கமும் உரோம வணிகத்துக்கு முற்பட்டது என்பது அவர் வாதம்.

உற்பத்தி முறை இதனைத் தெளிவாக்கும். மண்ணை நீரிற் கரைத்து, பருமணல் நீக்கி, நுண்களியை மட்டும் எடுத்துச் சக்கரத்தில் வனைந்தனர். சுழலும் கலத்தின்மீது பற்சக்கரத்தை உருட்டியோ, வளையுந் தன்மையுள்ள மெல்லிய தகட்டைத் துள்ளவிட்டோ புள்ளி வரிசைகளை ஆக்கினர். சூளையில் ஒட்சிசனைக் குறைத்தபோது களியிலுள்ள இரும்பின் மாற்றத்தால் சாம்பல், கருநிறங்கள் தோன்றின. தீயைக் கட்டுப்படுத்தும் இவ்வறிவு தலைமுறைகளாகத் திரண்ட அனுபவத்தின் பயனாகும்.

பின்னர் ஆய்வுகூடச் சான்றுகளும் சேர்ந்தன. எக்ஸ் கதிர்வழி கனிமங்களை ஒப்பிட்ட கோக்டே, 1997இல் வங்காளத்தின் சந்திரகேதுகர்-தாம்லுக் பகுதியைத் தோற்றுவாயாகச் சுட்டினார். 2005இல் ஃபோர்ட், பொலார்ட், கொனிங்ஹாம், ஸ்ரேர்ன் ஆகியோர் வெளியிட்ட இரசாயன ஆய்வு, தென்னாசியாவின் பல இடங்களிற் கிடைத்த இக்கலங்கள் பொதுவானதொரு மண்மூலத்தைக் கொண்டவை எனக் காட்டியது. உற்பத்தி மையம் எது என்பதில் விவாதம் இருப்பினும், மத்தியதரைக்கடல் இறக்குமதி என்ற கொள்கை நிலைபெற இயலாததாயிற்று.

கந்தரோடை, அநுராதபுரம், திஸ்ஸமகாராமை ஆகியவற்றோடு, பாலித் தீவின் செம்பிரனிலும் செங்கடற்கரையின் பெரெனிக்கேயிலும் இக்கலம் கிடைத்துள்ளது. இத்துணைப் பரப்பில் ஒரே தரத்ததாய் அமைந்த பண்டம் ஊர்த் தேவைக்கு மட்டும் வனையப்பட்டதன்று; பரிவர்த்தனைக்கென உற்பத்தி செய்த தேர்ச்சி பெற்ற தொழிலாளரையும், உபரியைக் கடல்கடந்து கொண்டுசென்ற வணிகரையும் அது முன்னிறுத்துகின்றது.

நமது நாட்டில் தொல்பொருள்கள் இன உரிமைப் பத்திரங்களாகப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் கிடைத்த ஒரேவகைத் தட்டு அத்தகைய வாசிப்புக்கு இடந்தருவதன்று. அதில் உண்டவர் எம்மொழி பேசினர் என்பதைக் களிமண் கூறாது. அவர்கள் ஒரே வணிக வலையில் இணைந்திருந்தனர் என்பதையே கூறும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மண் எங்கிருந்து வந்தது என்பதை இரசாயனம் உரைக்கும். அம்மண்ணை வனைந்தவர் உழைப்பின் பயனை யார் நுகர்ந்தனர் என்பதை அது உரைக்காது. யவனரிடமிருந்து மீட்ட பெருமையை ஓர் இனத்தின் பெருமையாக மாற்றுவதால் அவ்வினாவுக்கு விடை கிடையாது. குயவரின் உற்பத்தி உறவுகளை ஆராய்வதே அடுத்த பணியாகும்.