தலையணையிலிருந்து உள்ளங்கைக்கு

தென்கோடித் தமிழ் மண்ணில் லேஸ் குடியேறியபோது, தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. வைக்கோல் திணித்துக் கல்லாக இறுக்கிய தலையணை அது. அதன்மேல் துளையிட்ட அட்டை, அட்டையில் வரிசையாகக் குண்டூசிகள், ஊசிகளைச் சுற்றி ஓடும் நூல்கள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு மரக்கட்டை தொங்கும். கொஞ்சம் அகலமான கரை வேண்டுமென்றால் டஜன் கணக்கில் கட்டைகள் வேண்டும். அவற்றை இணை இணையாகக் குறுக்கே போட்டும் முறுக்கியும் நகர்த்தினால் லேஸ் வளரும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸிலும் உருவான இந்த வித்தைக்கு நகராத மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், கலைக்க வராத பிள்ளைகளும் கோழிகளும் வேண்டும். வீட்டுத் திண்ணையில் இது எளிதாக நடக்கிற காரியமா?

அதனால்தான் அதன் முதல் வீடு பள்ளிக்கூடமாக இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819-இன் கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர். பெண்பிள்ளைகள் படிப்பதே பழக்கமில்லாத அந்த ஊரில் மார்த்தா அவர்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். இன்றைய டதி பெண்கள் மேல்நிலைப்பள்ளி அந்த மரபில் வந்தது. எழுத்தோடு லேஸும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. விற்று வந்த பணம் பள்ளிச் செலவுக்கும் பிள்ளைகளின் கூலிக்கும் போயிற்று.

அந்தக் கூலியில் சில பெண்கள் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன் அடிமைக்குடியில் பிறந்த பெண்ணின் பகலும் இரவும் உடையவனுக்குச் சொந்தம். இங்கிலாந்துச் சீமாட்டியின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் போய்ச் சேர்ந்த லேஸ், பின்னியவளுக்கு அவளுடைய நாளைத் திருப்பித் தந்தது. அந்தப் பகுதியின் நாடார் பெண்களோ தங்கள் மார்பை மறைப்பதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. மிஷன் வீட்டுப் பெண்கள் அவர்களுக்காகக் குப்பாயம் என்ற ஒரு மேல்சட்டையை வடிவமைத்தார்கள். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மன்னர் வெளியிட்ட அறிவிப்புதான் நாடார் பெண்கள் எல்லோருக்கும் மார்பை மறைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை நீங்கவில்லை. பிறர் உடுப்பை அழகுசெய்ய உழைத்த கைகள் தம் உடுப்புக்காக அதே ஊரில் போராடிக்கொண்டிருந்தன. லேஸின் கதையிலிருந்து இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். தலையணையும் கட்டைகளும் அவரோடு திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போயின. தேரி மணலும் பனையும் சூழ்ந்த அந்த ஊரில் கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுத, மனைவி பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸும் கற்பித்தார். 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரி முளகுமூட்டுக்கு வந்தார். அங்கே மடத்தில் வளர்ந்த பிள்ளைகளின் கையிலும் லேஸ் ஏறியது. இப்படி ஒரு நூற்றாண்டு முழுவதும் அது மடம், பள்ளி, விடுதி என்று மணியடித்து நேரம் பிரித்த இடங்களில்தான் தங்கியது.

வீட்டுக்குள் நுழைவதற்கு அது தன் சுமையை இறக்கியாக வேண்டியிருந்தது. தலையணை போய் ஒற்றைக் கொக்கி ஊசி வந்தது. அதுதான் குரோஷா. ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரியின் நரசாபுரத்தைச் சுற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிகள் வழியாக வந்த லேஸ் இந்த வடிவத்தில்தான் வீடு வீடாகப் பரவியது. அந்த வீடுகளில் நடந்ததை ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆராய்ந்து 1982-இல் புத்தகமாக்கினார். வீட்டுவேலை அத்தனையையும் செய்துகொண்டு, பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். சரக்கு கடல் கடந்து போனது, வியாபாரம் ஆண்கள் கையில் இருந்தது, பின்னியவளுக்குக் கிடைத்தது அற்பக் கூலி. அவளைத் தொழிலாளி என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறாள் என்றார்கள். 2024-இல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பின்னும் கைகளுக்கும் பங்கு போய்ச்சேர வேண்டும்.

ஆக, வீட்டுக்குள் வந்ததால் மட்டும் லேஸ் பெண்ணுக்குச் சொந்தமாகிவிடவில்லை. அவள் நேரம் யாருடையது என்ற கேள்வி கூடவே வந்தது. அந்தக் கேள்வியோடு பார்க்கும்போது டாட்டிங் என்ற வடிவத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டாகிறது.

டாட்டிங்குக்கு வேண்டியது படகு வடிவில், விரல் நீளமுள்ள ஒரு ஷட்டில். அதற்குள் சுற்றிய நூல். அவ்வளவுதான். இதற்கு முன்னோடியான முடிச்சு வேலை பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபு வீடுகளில் பொழுதுபோக்காக இருந்தது. 1760-ஐ ஒட்டி ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் தீட்டிய ஆல்பமார்ல் சீமாட்டியின் ஓவியத்தில் அவர் கையில் ஷட்டில் இருக்கிறது. பிறகு முடிச்சுகள் வளையங்களாயின. 1850 முதல் லண்டனில் எலியனோர் ரீகோ புத்தகம் புத்தகமாக மாதிரிகளை வெளியிட்டார். முதலில் தனித்தனி வளையங்களை ஊசியால் தைத்துச் சேர்த்தார்கள். பின்னும்போதே ஒரு வளையத்தின் காதில் அடுத்ததைக் கோத்துவிடும் முறை வந்ததும் வேலை ஷட்டிலோடு முடிந்தது.

இதன் சூட்சுமம் முழுவதும் ஒரு முடிச்சில் இருக்கிறது. இடது கை விரல்களைச் சுற்றி நூலை வளையமாகப் பிடித்து, வலது கையிலிருக்கும் ஷட்டிலை அதன் கீழும் மேலுமாக விட்டு எடுக்க வேண்டும். அப்போது இடது விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்தால், முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்ற நூலுக்குத் தாவும். தாவினால்தான் ஷட்டில் நூல் முடிச்சுகளுக்குள் வழுக்கி ஓடும், இழுத்தால் வளையம் மூடும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தடுக்கி நிற்பது இந்தத் தாவலில்தான். விரல் ஒருமுறை இதைப் புரிந்துகொண்டால் கண் தேவையில்லை. பேசிக்கொண்டே, பிள்ளையின் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டே கை போகும்.

அதைவிட முக்கியம், டாட்டிங்கை எந்த இடத்திலும் நிறுத்தலாம். குரோஷாவில் கொக்கி நழுவினால் கண்ணி கண்ணியாகப் பிரிந்துகொண்டே போகும். டாட்டிங்கில் ஒவ்வொரு இரட்டை முடிச்சும் தன்னளவில் முடிந்த வேலை. குக்கர் விசில் அடித்தால் பாதி வளையத்தோடு கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது விட்ட இடம் அப்படியே இருக்கும். மூடிய வளையத்தைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஆகவே இழுத்து மூடுமுன் முடிச்சுகளை ஒருமுறை எண்ணிவிடுவது நல்லது.

நாங்கள் வாழும் மலையூரான மறையூரில் நாள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலையில் பாகு காய்ந்து பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். உடுமலைப்பேட்டை பஸ் சின்னாறு சோதனைச்சாவடியில் நிற்கும். ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் மெல்ல நகரும். இந்த இடைவெளிகள் எல்லாம் சுருக்குப் பையில் கிடக்கும் ஷட்டிலுக்குப் போதும். நூல் உடுமலைக் கடையில் ஆங்கர் உருண்டையாகக் கிடைக்கிறது. அதை விற்கும் மதுரா கோட்ஸுக்கும் தெற்கத்தி வேர் உண்டு. 1880-களில் தாமிரபரணித் தண்ணீரை நம்பிப் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை அதன் முன்னோர்களில் ஒன்று. பழகுகிறவர்களுக்கு 20-ஆம் எண் நூல் தோதானது. எண் கூடினால் நூல் மெலியும், பின்னல் நுணுக்கமாகும். கைக்குட்டைக் கரை, குழந்தைச் சட்டையின் கழுத்து, ரவிக்கைக் கை என்று சின்னதாகத் தொடங்கினால் ஒரு பூ ஒரு மாலைக்குள் முடிந்துவிடும்.

ஆனாலும் இந்த வசதியே கண்ணியாகிவிடக் கூடாது. துண்டு நேரங்களில் செய்ய முடிகிறது என்பதால், அந்த நேரத்துக்கு விலையே இல்லை என்று வீடும் சந்தையும் எண்ணிவிடுகின்றன. நரசாபுரத்துப் பெண்கள் இழந்தது அதைத்தான். நாகர்கோவில் பெண்கள் மீட்டதும் அதைத்தான். டாட்டிங் கரையை விற்கிற பெண், நூல் விலையோடு மணிக்கணக்கையும் எழுதிவைத்து விலை சொல்ல வேண்டும். பரிசாகக் கொடுக்கிறவள், "சும்மா இருந்தப்போ பண்ணினது" என்று சொல்லித் தன் உழைப்பைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டாம். அவள் கையில் ஷட்டில் இருக்கும் அரை மணி நேரம், அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்படி ஒரு வீடு அமைந்தால்தான் லேஸ் உண்மையாகவே குடும்பத்துக்குள் வந்துவிட்டது என்பேன்.