பூர்வ பௌத்தரும் புதிய மாணாக்கரும்

தமிழ்ப் பௌத்த வரலாற்றில் 1898ஆம் ஆண்டு இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைத் தாம் எழுதிய அரும்பதவுரையுடன் பதிப்பித்து வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் வாழ்ந்த சித்த மருத்துவர் க. அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்று மீண்டார். முன்னது ஏட்டின் வழியே நிகழ்ந்த மீட்சி. பின்னது மனிதர் வழியே நிகழ்ந்தது. பல நூற்றாண்டுகளாகப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்வார் அருகிப்போன ஒரு நாட்டில், அச்சமயத்தை அறியாதார்க்கு அதனை எவ்வாறு அறிமுகம் செய்வது என்ற வினா இருவர் முன்னும் நின்றது.

சாமிநாதையரின் இடர்ப்பாடு சுவையானது. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஐயம் கேட்கக் கும்பகோணத்துச் சமணர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அந்நூல் அன்றும் ஓதப்பட்டுவந்தது. மணிமேகலைக்கு அத்தகைய துணை கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார், பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, அதனைக் கேட்டுக் குறித்துக்கொண்டு உரை வகுத்தார் ஐயர். தமிழில் பிறந்த காப்பியம் ஒன்றின் உட்பொருளைத் தமிழ்ப் புலவர் ஒருவர் ஆங்கிலத்தின் வழியே பெற நேர்ந்தது என்பதே, இழப்பு எத்துணைப் பெரிது என்பதைக் காட்டப் போதுமானது. தாம் கற்றதைப் பிறரும் கற்க வேண்டும் என்று கருதிப் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியன பற்றி அவர் எழுதியவை, புதியவர்க்கென எளிய தமிழில் அமைந்த பௌத்த அறிமுகங்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கவை.

அவர் பதிப்பித்த காப்பியமோ புதியவர் ஒருவரைப் பௌத்தத்துள் படிப்படியாக அழைத்துச் செல்லும் கதையாகவே அமைந்துள்ளது. அந்த முறைவைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மணிமேகலைக்கு முதலில் தத்துவம் சொல்லப்படுவதில்லை. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு தன் பழம் பிறப்பை அவள் உணர்கிறாள். முற்பிறவியில் இராகுலன் மனைவியாகிய இலக்குமி என்பது தெரிகிறது. அடுத்து அமுதசுரபி கைக்கு வருகிறது. ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்று, பசித்தார் பசி தீர்த்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். அதன் பின்னரே வஞ்சி நகரில் பிற சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். இளம்பெண்ணுக்கு எவரும் மெய்ப்பொருள் உரையார் என்பதால் மாதவன் வடிவு கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. சாத்தனார் தம் காலத்தைப் பற்றித் தரும் மிக நேர்மையான செய்திகளுள் இஃது ஒன்று. பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாக வரும் பன்னிரு சார்புகளையும் அறவண அடிகள் விரித்துரைப்பது முப்பதாம் காதையில். காப்பியமும் அங்கே முடிந்துவிடுகிறது. முதலில் பழம் பிறப்பின் நினைவு, பின்னர்ச் சோறு, கடைசியில் கோட்பாடு என்ற இவ்வரிசையை மனத்தில் கொண்டால் அயோத்திதாசர் செய்தது விளங்கும்.

1845இல் பிறந்த அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டவர். தீண்டாமைக்கு உள்ளான மக்களின் விடுதலையை நாடித் திராவிட மகாஜன சபையை 1891இல் தோற்றுவித்தார். கோயில் நுழைவும் கல்வியும் நிலமும் கேட்டுக் கையேந்துவதில் பயன் காணாத அந்த மனம், கேட்கும் நிலையே எவ்வாறு வந்தது என்று வரலாற்றை நோக்கித் திரும்பியது. அவர் கண்ட விடை துணிச்சலானது: இம்மக்கள் பூர்வத்தில் பௌத்தர், அறத்தைக் கைவிடாமையால் தாழ்த்தப்பட்டவர். ஆகவே கொழும்பிலிருந்து திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அவர் நிறுவியபோது, வந்து சேர்ந்தவர்களை மதம் மாறியோராகக் கருதவில்லை. வீடு திரும்பியவராகவே வரவேற்றார். மணிமேகலைக்குப் புத்த பீடிகை செய்ததை ஒரு மக்கள் திரளுக்குச் செய்ய முயன்றார் எனலாம்.

அதற்குக் கருவியாக அமைந்தது வார இதழ். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் தொடங்கி, மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கி, 1914 மே மாதம் அவர் மறையும் வரை அது அவர் கையில் இருந்தது. புத்தரது ஆதிவேதம் என்ற தலைப்பில் புத்தர் வரலாற்றையும் அறத்தையும் அதில் தொடராக எழுதினார். பாலி நூல்களை மட்டும் நம்பாமல் நிகண்டுகளையும் காப்பியங்களையும் சித்தர் பாடல்களையும் ஔவையின் நீதிமொழிகளையும் சான்றாக அடுக்கினார். வாசகர் ஐயம் எழுப்ப, அவர் விடை சொல்லும் பகுதி இதழின் உயிர்நாடி. அங்கே கேள்விகள் நிருவாணம் பற்றி எழுவதைவிடத் தீபாவளி கொண்டாடலாமா, திருமணத்தை எவ்வாறு நடத்துவது என்றே எழுவது இயல்பு. தீபாவளி, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்த நாளின் நினைவு என்றார் அவர். குறளைத் திரிக்குறள் என்று படித்துத் திரிபிடகத்தோடு இணைத்தார். பண்டிகையை விடச் சொல்லாமல் பண்டிகையின் பொருளை மாற்றித் தந்தார். அடுக்களையில் எரியும் விளக்கும் மடியில் கட்டிய எள்ளும் இவ்வாறு பௌத்தப் பாடங்களாயின.

அவருடைய சொல்லாராய்ச்சிகள் பல இன்றைய மொழியியல் முன் நில்லா. பூர்வ பௌத்தக் கொள்கையை அவர் கூறிய வடிவிலேயே வரலாறாக ஏற்பதும் அரிது. ஒலியொப்புமையைச் சான்றாகக் கொள்வது அவர் காலத்துப் பண்டிதர் பலருக்கும் பொதுவான குறை. அவர் ஒருவரை மட்டும் அதற்காக நகையாடுவது முறையன்று. அதனினும் கடிந்துரைக்க வேண்டியது ஒன்றுண்டு. தம் மக்களின் பழம்பெருமையை நிறுவும் முனைப்பில், ஒடுக்கப்பட்ட வேறு சில சாதியாரைக் கீழானவர் என்றே அவர் எழுதியுள்ளார். சாதியற்ற அறத்தை முன்வைத்தவரின் எழுத்தில் இந்தக் கோடு விழுந்திருப்பதைப் பின்வந்த ஆய்வாளர் சுட்டிக்காட்டியது நன்றே.

சங்கத்தின் கிளைகள் பெங்களூரிலும் ஐதராபாத்துப் பகுதியிலும் கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவின. ஆயினும் அது ஆழ வேரூன்றிய இடம் ஒரு சுரங்க நகரியம் என்பது நெய்வேலி வாசகர் கருத்தில் கொள்ளத்தக்கது. மைசூர் அரசில் இருந்த கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் ஆழச் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கிய பின், வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அங்குச் சென்று குடியேறின. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் பெற்ற அவ்வயல், 1956இல் நிறுவனம் கண்டு பழுப்பு நிலக்கரியிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலிக்கு வயதில் மூத்த உறவு. நெய்வேலியில் வட்டம் என்ற சொல் குடியிருப்பையும் இலக்கிய அன்பர் கூட்டத்தையும் ஒருங்கே குறிக்கும். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் கூட குடியிருப்பே சங்கமாயிற்று.

காரணம் எளிது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ச் சேரியின் எல்லைக்கோடு பின்தங்கிவிடுகிறது. ஆனால் பெயர் கூடவே வருகிறது. அந்தப் பெயருக்கு மாற்றாக மற்றொரு பெயரைச் சங்கம் தந்தது. மாரிக்குப்பத்தில் எம். ஒய். முருகேசர் போன்றோர் முன்னின்றனர். புதிதாக வருபவர்க்கு மும்மணிகளில் சரணம் புகுதலும் ஐந்து சீலங்களும் முதற்பாடம். கொல்லாமை, களவாமை, பிறன்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்பவை தமிழ் அறநூல் படித்த எவர்க்கும் புதியனவல்ல. அவற்றுள் ஐந்தாவதே சுரங்கத் தொழிலாளிக்குக் கடினமானது. மண்ணுக்கடியில் வெப்பத்திலும் இருளிலும் பகலைக் கழித்தவன் கூலி நாளன்று சாராயக் கடையைக் கடந்து வீடு சேர்வது, பன்னிரு சார்புகளை மனனம் செய்வதினும் பெரிய தவம். எழுத்தறிந்தார் குறைந்த இடத்தில் வார இதழ் கண்ணால் படிக்கப்படுவதினும் காதால் கேட்கப்படுவதே மிகுதி. ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருக்கும் அச்சூழலை இலக்கிய வட்டத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை.

இதே காலத்தில் சென்னையில் மற்றொரு வாயிலும் திறந்திருந்தது. அறிவியல் பேராசிரியராகிய பொ. லட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கில நூலாக எழுதினார். அவர் காட்டிய புத்தர் பகுத்தறிவின் ஆசான். பின்னாளில் பொதுவுடைமையாளராக அறியப்பட்ட ம. சிங்காரவேலர் மகாபோதி சங்கத்தின் சென்னைப் பணிகளை நடத்தினார். அவர்களுக்கும் அயோத்திதாசருக்கும் இடையே உரசல் மிகுந்திருந்தது. சடங்கும் பழங்கதையும் கலவாத தூய கோட்பாட்டை முதலிலேயே தந்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. வாழ்க்கையின் நாள், பெயர், விழா ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மறு தரப்பு. லட்சுமி நரசுவின் நூலை அம்பேத்கர் 1948இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்பாகக் கொணர்ந்தார் என்பதிலிருந்து அதன் அறிவுவலிமை விளங்கும். ஆனால் ஆங்கிலம் அறியாத தொழிலாளியின் வீட்டுக்குள் அந்நூல் தானாக நுழைய இயலாது. அங்கு நுழைந்தது தமிழன் இதழே.

இவ்விரு வாயில்களையும் ஒன்றாக்க முயன்றவர் சாம்பியன் ரீப்ஸ் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் வழிவந்த அவர், 1920களில் தங்கவயலிலிருந்து தமிழனை மீண்டும் நடத்தினார். சுயமரியாதை இயக்கத்தாருடன் நெருங்கிப் பழகினார். சடங்கு மறுப்பையும் பௌத்த நெறியையும் ஒரே மேடையில் பேசினார். அவருடைய 'புத்தர் அருளறம்' எளிய தமிழில் பௌத்தம் பயில்வார்க்கு வாய்த்த நல்ல நூல். இடையில் 1940இல் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' வெளிவந்து, சமயச் சார்பின்றி வரலாறு மட்டும் அறிய விழைந்தோர்க்கு வழி திறந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பெருந்திரளோடு தீக்கை பெற்றபோது இருபத்திரண்டு உறுதிமொழிகளை மக்களுக்கு அளித்தார். விட வேண்டியவை, கொள்ள வேண்டியவை இரண்டையும் அவ்வுறுதிமொழிகள் தெளிவாகப் பிரித்துச் சொல்கின்றன. அங்கும் புத்தம் புதிய ஒன்றைத் தழுவுவதாக அவர் பேசவில்லை. தீண்டாமைக்கு உள்ளானோர் முன்னாளில் பௌத்தராயிருந்தவர் என்ற கருத்தை அவர் 1948இல் வெளியிட்ட நூலிலேயே முன்வைத்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் இராயப்பேட்டையில் ஒலித்த குரலின் அண்மை அதில் புலப்படும்.

அயோத்திதாசரின் பெயர் அவர் மறைவுக்குப் பின் பொது வரலாற்றில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இளமையில் நடக்க இயலாதிருந்த தமக்கு மருத்துவம் செய்தவர் என்று திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தது போன்ற சில இடங்களே எஞ்சின. தமிழன் இதழ்களைப் பெரிய நூலகங்கள் முறையாகச் சேர்த்து வைக்கவில்லை. சங்கத்துக் குடும்பங்களே அவற்றை வீட்டில் வைத்துக் காத்தன. அவ்வாறு கிடைத்த இதழ்களைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவரத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2001 பிப்ரவரி 28 அன்று, கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன.